ஆறாவது வாரப் பாடம்

பால் டிப்போவில் காலை ஐந்தரை மணிக்கே வரிசை நின்றுவிடும். கேன்களோடும் தூக்குவாளிகளோடும் நாற்பது, நாற்பத்தைந்து பேர். எடை போட்டு, ஒரு கரண்டி பாலை நீளமான குழாயில் ஊற்றி, அதில் பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் அது நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது டிப்போக்காரரின் வேலை. இருபத்தாறு வருடங்களாகச் செய்துவருகிறார். ஆனால் அந்தக் கணக்கை அவர் தன் குரலில் சொல்வது அபூர்வம். யாருடைய பாலோ அவருடைய குரலில்தான் சொல்வார். மூக்கால் பேசும் எருமைக்காரருக்கு மூக்கால் சொல்வார். ஒவ்வொரு வாக்கியத்தையும் பெருமூச்சோடு முடிக்கும் தையல்காரம்மாவுக்கு அதே பெருமூச்சோடு சொல்வார். வரிசை சிரிக்கும். கேலிக்கு ஆளானவரும் சிரிப்பார். நாளை இன்னொருவர் மாட்டுவார் என்ற தைரியம் அது. ஊர் அவருக்குக் கிளி என்று பெயர் வைத்தது. வயதில் இளையவர்களுக்குக் கிளியண்ணன்.

அவர் இதைப் பயின்று செய்யவில்லை. ஒரு முறை காதில் விழுந்த குரல் நாக்கில் தங்கிவிடும். சிலருக்கு எண்கள் மறப்பதில்லை, சிலருக்கு வழி மறப்பதில்லை. அவருக்கு ஓசை மறப்பதில்லை. இது ஒரு திறமைதான். திறமைகளைப் பற்றி அதற்கு மேல் சொல்வதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.

டிப்போவுக்குப் பின்னால் வீடு. இரண்டு அறை, சிமெண்டு பூசிய முற்றம், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. கழுவிய கேன்கள் முற்றத்தில் தலைகீழாக வெயில் காயும். அவர் மனைவியின் வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். பதினெட்டு வருடங்களுக்கு முன் விழுந்து முறிந்து, சரியாகச் சேராத எலும்பு. எழுதலாம், காய் நறுக்கலாம். முறுக்கிப் பிழிய முடியாது. அதனால் அந்த வீட்டில் துணி பிழிவது அவர். "அண்ணே, இன்னிக்குப் போர்வையா, சட்டையா?" என்று வேலியோரம் போகிறவர்கள் கேட்பார்கள். கேட்டவர் குரலிலேயே பதில் போகும்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மனைவியின் போன் அடிக்கும். நகரத்தில் இருக்கும் மகள். அது அவளுக்கு உணவு இடைவேளை. மனைவி பின்வாசலில் உட்கார்ந்து பேசுவாள். அவர் உள்ளே சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருப்பார். போன் அடித்ததும் தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார். "அப்படியா", "சளி விட்டுச்சா", "நீ சாப்பிட்டியா முதல்ல" என்று மனைவியின் பக்கம் மட்டும் கேட்கும். மறுபக்கத்தை அவராக இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். ஊரில் இருநூறு பேர் குரல் அவரிடம் இருந்தது. மகளின் குரல் மட்டும் நழுவிக்கொண்டிருந்தது. வாய்க்குள் அதை வரவழைத்துப் பார்த்தால் எட்டு, ஒன்பது வயதுக் குரல்தான் வந்தது. இருபத்தேழு வயதுப் பெண் எப்படிப் பேசுவாள் என்று தெரியவில்லை.

மகள் அவரோடு பேசி நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பேச்சு திக்கும். மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வந்திருந்த அன்று, அவள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையில் நின்றுபோனாள். கூட்டம் இறுக்கமாக இருக்கிறதே, கொஞ்சம் கலகலப்பாகட்டும் என்று அவர் அந்த வார்த்தையை அவளைப் போலவே சொல்லிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு அவள் போன் அம்மாவுக்கு மட்டும் வந்தது. ஒரு சின்னக் கேலிக்கு இவ்வளவு கோபமா என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பேத்திக்கு இரண்டரை வயது. அவளை அவர் போன் படத்தில் மட்டும் பார்த்திருந்தார்.

"பாப்பா பேசுறாளா?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

"ரெண்டு மூணு வார்த்தையா சேர்க்கிறா."

"லீவுக்கு வர்றாங்களா?"

"வரல."

"மாப்பிள்ளைக்கு வேலையா?"

மனைவி கொஞ்சம் தயங்கினாள். "குழந்தை பேசப் பழகுற நேரமாம். இப்ப இங்க கூட்டிட்டு வரமாட்டாளாம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதையும் நான்தான் சொல்லணுமா?"

"நான் என்ன குழந்தையைக் கடிச்சா வெச்சிடுவேன்?" என்றார்.

"கடிச்சா மருந்து போட்டுக்கலாம்" என்றாள் மனைவி.

அந்த மாதம்தான் குடும்ப நல வகுப்பு வந்தது. சுற்று வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம். டிப்போவுக்கு மேலே மாட்டுத் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை: வீட்டுக்கு இரண்டு பேராவது சேர்ந்து வர வேண்டும். மனைவி இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்னை எதுக்கு இழுக்கிற?"

"ஒத்தையா போனா சேர்க்க மாட்டாங்களாம். சும்மா உக்காந்திருங்க, போதும்."

"எனக்குக் கேன் கழுவுற வேலை இருக்கு."

"அப்பா வகுப்புக்குப் போறாருன்னு அவகிட்ட சொல்லலாம்னு பார்த்தேன்."

சனிக்கிழமை அவர் முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, முதல் ஆளாக மேலே போய் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பெடுத்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டரின் பக்கவாட்டில் சுருட்டிய படங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு ஊர்களுக்கு இப்படிப் போய்வருகிறவள். மாடிப்படி ஏறியதும் இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசுவாள். எல்லோரும் அவளை டீச்சரம்மா என்றார்கள். கையில் ஒரு கையேடு. அதில் உள்ளதை உள்ளபடி நடத்தினால் போதும் என்பது அவளுக்கு மேலே இருப்பவர்களின் எண்ணம்.

குடிதண்ணீர், கைகழுவுதல், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது என்று பாடங்கள் போயின. குளிப்பாட்டும் பாடத்துக்கு ஒரு பொம்மை வந்தது. ஆண்கள்தான் செய்ய வேண்டும் என்றாள். டிராக்டர் ஓட்டுநர் பொம்மையை டயர் கழுவுவதுபோலக் கழுவினார். "ஏங்க, அதுக்குக் கழுத்து இருக்கு" என்று அவர் மனைவி சொன்னாள். இன்னொரு வாரம், ஒரு நாள் முழுக்க யார் எந்த மணிக்கு என்ன வேலை செய்கிறார்கள் என்று கணவனும் மனைவியும் தனித்தனியாக வட்டம் போட்டு எழுத வேண்டும். இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியபோது அறையில் சத்தம் குறைந்தது. இப்படிப்பட்ட வகுப்புகளால் மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று நம்ப வேண்டியதில்லை. டிராக்டர் ஓட்டுநர் அதற்குப் பிறகு தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார், அவ்வளவுதான். அவர் மனைவிக்கு ஒரு தட்டு குறைந்தது. துணி பிழிகிற டிப்போக்காரரை டீச்சரம்மா உதாரணமாகக் காட்டினாள். அவர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

ஆறாவது வாரம் கேட்கும் பாடம். ஒருவர் ஒரு நிமிடம் பேச வேண்டும். மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. முடிந்ததும் பதில் சொல்லக்கூடாது, முதலில், கேட்டதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்க வேண்டும். சரி என்று வந்த பிறகுதான் பதில். "பாதிச் சண்டை இதுலயே நின்னுடும்" என்றாள் டீச்சரம்மா. "மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்ல."

டிப்போக்காரரின் மனைவி பேசினாள். "டிப்போல எல்லாரையும் சிரிக்க வைக்கிறீங்க. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கிறதில்ல. ரெண்டு மணிக்கு அவ பேசுறப்ப குழாயை மூடிட்டுக் கேக்கிறீங்க. எனக்குத் தெரியும். என்கிட்ட கேட்டா நான் சொல்லமாட்டேனா?"

அவர் திருப்பிச் சொன்னார். சொந்த வார்த்தையில் அல்ல, அவள் வார்த்தையில், அவள் குரலில். 'வாயைத் திறக்கிறதில்ல' என்பதற்கு முன்னால் அவள் இழுத்த மூச்சுகூட வந்தது. அறை சிரிப்பால் நிறைந்தது. டீச்சரம்மாவும் சிரித்துவிட்டாள். "ஒரு வார்த்தை விடல, பாருங்க. இவ்வளவு கவனமா யாராவது கேட்டீங்களா?" என்று அவரை முன்னால் அழைத்து இன்னொரு முறை செய்யச் சொன்னாள்.

"சரியா?" என்று கேட்டார் அவர், மனைவியிடம்.

"சரிதான்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவரைப் பாராட்டியதில்லை. ஒரு வாரம் முழுக்க அவர் அந்தப் பாடத்தை டிப்போவில் பயிற்சி செய்தார்.

"அண்ணே, என் பால் எப்படி?" என்றார் எருமைக்காரர்.

"உன் பால் எப்படின்னு கேக்கிற. சரியா?"

"சரி. எப்படி?"

"இருபத்தேழு."

"போன வாரம் இருபத்தொன்பதுல்ல நின்னுச்சு?"

"போன வாரத்தைவிடக் குறைஞ்சிருச்சுன்னு வருத்தப்படுற. சரியா?"

"வருத்தமெல்லாம் இல்லண்ணே. மீட்டர் பொய் சொல்லுதுங்கிறேன்."

"மீட்டர் பொய் சொல்லுதுங்கிற."

பின்னால் நின்ற தையல்காரம்மா பெருமூச்சு விட்டாள். "என் மாடு கன்னு போட்டு, அது பால் கறக்கிற வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் இங்கதான் நிக்கப் போறாங்க."

எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, இரண்டு மணிக்கு மனைவி உள்ளே வந்து போனை நீட்டினாள். "அஞ்சு நிமிஷம் பேசுறேங்கிறா. பாடத்தைப் பத்தி நான் சொன்னேன்."

அவர் கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். "லைன்ல இருக்கா" என்றாள் மனைவி.

"அப்பா" என்றது போன். அவர் நினைத்து வைத்திருந்ததைவிடத் தாழ்ந்த, நிதானமான குரல்.

"சொல்லும்மா."

"நான் ஒண்ணு கே... கேக்கணும். அம்மா கீ... கீழ விழுந்த அன்னிக்கு நான் டிப்போவுக்கு வந்தேன். நீங்க அங்க இ... இல்லைன்னு அம்மாகிட்ட சொன்னேன். உங்களுக்கு ஞா... ஞாபகம் இருக்கா?"

நான்கு வருடங்கள் கழித்துக் கிடைத்த குரல். ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பதில் சொல்ல அவசரப்படவில்லை. பாடத்தில் சொன்னபடி முதலில் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். "ஒண்ணு கே... கேக்கணுங்கிற. அம்மா கீ... கீழ விழுந்த அன்னிக்கு நீ டிப்போவுக்கு வந்தே. நான் அங்க இ..."

போன் துண்டிக்கப்பட்டது.

அவர் போனைப் பார்த்தார். "லைன் போயிருச்சு" என்றார்.

"திக்கிக் காட்டினீங்க" என்றாள் மனைவி.

"இல்ல. அவ சொன்னதைத்தான் சொன்னேன்."

"திக்கிக் காட்டினீங்க."

"வகுப்புல சொல்லிக்குடுத்த மாதிரிதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மனைவி போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். மறுபடி அழைத்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அவர் மேலே போனார். டீச்சரம்மா படங்களை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் கையேட்டைப் புரட்டினாள். ஆறாம் பாடம் மூன்று பக்கம், மூன்றையும் படித்தாள்.

"சொந்த வார்த்தையிலன்னு போட்டிருக்கு" என்றாள். "நான்தான் விட்டுட்டேன். நீங்க சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு."

"இப்ப என்ன செய்யணும்னு அதுல இருக்கா?"

"இல்லண்ணா." கையேட்டை மூடினாள். "உங்க பொண்ணு என்னதான் சொன்னாங்க?"

அவர் வாயைத் திறந்தார். மகளின் குரல் வந்தது. தாழ்ந்த, நிதானமான குரல், நின்ற இடங்களில் நின்று. கடைசி வரை சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை.

"கடைசில ஒரு கேள்வி இருக்கே" என்றாள்.

"ஆமா."

"பதில் தெரியுமா?"

இரண்டு நாளாக அவர் அந்தக் குரலை மனத்துக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருந்தார். எந்த எழுத்தில் நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்பதெல்லாம் தெரியும். அவள் கேட்டது என்ன என்பதை மட்டும் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஒருவர் சொன்னதை முழுவதும் வைத்துக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்காமல் இருக்க முடியும் என்பது விசித்திரம்தான். ஆனால் அதை விசித்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. அவர் வாழ்க்கையில் பெரும்பகுதி அப்படித்தான் போயிருந்தது.

பதில் அவருக்குத் தெரியும்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், வரிசை நீளமாக இருந்தது. மகள் ஓடிவந்தாள். ஒன்பது வயது. மூச்சு வாங்க நின்று, "அ... அ... அம்..." என்றாள். பால் அளக்கும் கரண்டியை மைக் மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டு அவர், "அ... அ... அம்..." என்றார். வரிசை சிரித்தது. அவள் மறுபடி முயன்றாள். அவர் மறுபடி சொன்னார். மூன்றாவது முறை அவள் வாயை மூடிக்கொண்டாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். எல்லோர் பாலும் எடை போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்குப் போனபோது தண்ணீர்த் தொட்டியருகே மனைவி விழுந்து கிடந்தாள். தலை மகளின் மடியில். பக்கத்து வீட்டுக்காரி அப்போதுதான் வேலி தாண்டி வந்திருந்தாள். "அப்பாவைக் கூப்பிடலையா பாப்பா?" என்று அவள் கேட்டாள். "போனேன். அப்பா அங்க இல்லை" என்றாள் மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்து. அந்த வாக்கியத்தில் அவள் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. வாசலில் நின்றபடி அவர் அதைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கடினமாக இருந்தது. பிறகு மறந்துவிட்டதுபோல இருந்தது.

அன்றைக்கு வகுப்பில் அவர் உட்காரவில்லை. கீழே இறங்கி வீட்டுக்குப் போனார். மனைவி வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் தன் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சவங்க யாரெல்லாம்?" என்றாள்.

அவர் ஐந்தாறு பேரைச் சொன்னார்.

"எல்லாரும் மறுநாள் என் கையைப் பார்க்க வந்தாங்க. பழம் வாங்கிட்டு வந்தாங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒன்பது வயசுப் பிள்ளை. உங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷம் சுமந்திருக்கா. ஒரு மணி நேரம் நான் கிடந்ததைக்கூட விட்டுடுறேன்" என்றாள். அதற்குப் பிறகு அழுதாள்.

"நீ அவகிட்ட சொல்லிடுறியா? எனக்கு ஞாபகம் இருக்குன்னு?"

"நான் சொன்னா அது என் பதில். நேர்ல போங்க. போன் வேண்டாம்."

"நீயும் வாயேன்."

"நான் வந்தா என்னைப் பார்த்தே பேசுவா. உங்களுக்கு அது வசதியா போயிரும்."

நகரத்துக்கு மூன்று மணி நேரப் பேருந்து. செவ்வாய்க்கிழமை காலைப் பால் முடிந்ததும் ஏறினார். சாயங்காலப் பாலுக்கு நாலரைக்குள் திரும்பிவிட வேண்டும். மகள் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். வில்லைகளைத் தேய்த்து, ஓரம் வெட்டி, சட்டத்துக்குள் பொருத்தும் வேலை. இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை. அந்த வேலையை அவள் ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பது கடைக்கு எதிரே நின்றபோதுதான் அவருக்குப் புரிந்தது.

கடைப் பையனிடம் சொல்லி அனுப்பாமல், தேநீர் இடைவேளைக்கு அவளாக வரும்வரை நின்றார். பன்னிரண்டு மணிக்கு வந்தாள். விரல்களில் வெள்ளையாக அரைத்த தூள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது கோபமல்ல; யாருக்காவது என்னவோ ஆகிவிட்டதோ என்ற பயம்.

"அம்மா நல்லா இருக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார் அவசரமாக. "நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

மூடியிருந்த ஒரு கடை வாசலின் நிழலுக்கு இருவரும் ஒதுங்கினார்கள்.

"ஞாபகம் இருக்கு" என்றார். "நான் அங்கதான் இருந்தேன். நீ மூணு தடவை சொல்ல வந்தே. மூணு தடவையும் நான் விடல. வாசல்ல நின்னு, நீ சொன்ன பொய்யைக் கேட்டேன். கேட்டுட்டுப் பேசாம இருந்துட்டேன்." அவர் குரல் மெலிந்து, தட்டையாக இருந்தது. அவருக்கே அது பழக்கமில்லாத குரல்.

அவள் விரலில் இருந்த தூளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சவங்க யாரெல்லாம்னு கேட்டா."

மகளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அதான் அம்மா."

"என்னை நீ..." என்று அவர் ஆரம்பித்தார்.

"வே... வேண்டாம்ப்பா. அதை இப்ப கேக்காதீங்க. கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். எனக்கு அது பழக்கம்."

அவர் நிறுத்திக்கொண்டார். தெருவில் ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அவள் கடைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினாள்.

"பாப்பா சில வார்த்தைல நி... நிக்கிறா. இந்த வயசுல நிறையக் குழந்தைங்க அப்படித்தான், போயிரும்கிறார் டாக்டர். பொறுமையா கேட்டா போதுமாம். சிரிக்கக் கூடாது, எடுத்துக் குடுக்கக் கூடாது, நாமளும் அப்படிச் சொல்லிக் காட்டக் கூடாது. எனக்குத்தான் மனசு கிடந்து அடிச்சுக்குது."

அவர் தலையசைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பாப்பா அம்மாகிட்ட பேசுவா. ஸ்பீக்கர்ல போடச் சொல்றேன். நீங்க பக்கத்துல உக்காந்து கே... கேக்கலாம். பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியலப்பா." அவள் உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்று அவர் பொய் சொன்னார். அவள் உள்ளே போனாள்.

பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. குழந்தையைப் பகலில் விடும் காப்பகம் அடுத்த தெருவில் இருப்பதாக மனைவி சொல்லியிருந்தாள். கால் அந்தப் பக்கம் போயிற்று. உயரமான சுவர், பச்சை வண்ணம் அடித்த கதவு. உள்ளே பத்துப் பதினைந்து குழந்தைகளின் கூச்சல். எதிலும் ஒரு சொல் தனியாகப் பிரியவில்லை. எது தன் வீட்டுக் குரல் என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியில்லை. கதவைத் தட்டலாம், தாத்தா என்று சொல்லலாம். அவள் சொன்னதில் இது அடங்காது என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் செய்யலாம். சுவரில் கையை வைத்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

வகுப்பின் மீதி வாரங்களையும் அவர் விடவில்லை. டீச்சரம்மா ஆறாம் பாடத்தை இன்னொரு முறை நடத்தினாள். சொந்த வார்த்தை என்பதை மூன்று தடவை அழுத்திச் சொன்னாள். டிப்போக்காரருக்கு அது கடினமாக இருந்தது. "அவ சொல்றது என்னன்னா..." என்று ஆரம்பித்து, சொல் கிடைக்காமல் நீண்ட நேரம் நின்றார். யாரும் சிரிக்கவில்லை, உண்மையில் பாதிப் பேர் அந்த வாரம் வரவில்லை. டிப்போவில் எருமைக்காரர், "என்னண்ணே, கிளி வாயை மூடிருச்சு?" என்று கேட்டபோது "இருபத்தெட்டு" என்று மட்டும் சொன்னார். வரிசைக்குக் கொஞ்சம் சலிப்புத்தான். ஆனாலும் பால் ஊற்றினார்கள்.

இப்போது ஐந்து மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் முற்றத்தில் உட்காருகிறார்கள். மகள் அம்மாவோடு பேசுவாள். பிறகு குழந்தை வரும். பேசலாம் என்று யாரும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் அங்கே இருக்கிறார் என்பது குழந்தைக்குத் தெரியுமா என்பதும் அவருக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தை பரபரப்பாக இருந்தது. "பாட்டி, எங்க வீட்டுல பூ... பூ... பூ..." என்று நின்றது.

மறுமுனையில் மகள் ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மனைவி போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவருக்குத் தொண்டை அசைந்தது. பூனை. அந்த வீட்டு மாடிக்குப் பூனை வரும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். சொல் நாக்கு நுனியில், குழந்தையின் குரலிலேயே, தயாராக இருந்தது. இரண்டு கைகளையும் முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் போனது. குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டது.

"பூச்சி" என்றது.

பெரிய பூச்சியாம். கறுப்பாம். அம்மா பயந்தாளாம், தான் பயப்படவில்லையாம். மறுமுனையில் பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. "போதும் பாப்பா, பாட்டிக்கு வேலை இருக்கும்" என்று மகளின் குரல் எங்கோ தள்ளியிருந்து கேட்டது. "ஒரு வேலையும் இல்ல, சொல்லட்டும் சொல்லட்டும்" என்றாள் மனைவி.

பூச்சி கதவுக்கு அடியில் போய்விட்டதாகக் குழந்தை சொன்னது. அப்புறம் அது எங்கே போயிற்று என்று கேட்க அவருக்கு மிகவும் ஆசையாக இருந்தது.